சாலைக் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றியமைத்து ஓட்டும் டூரிங் கார் பந்தயத்தில் ஓட்டுநர் ஆண்டி பிரியோவை ஏன் இவ்வளவு உயர்வாகச் சொல்கிறார்கள்?

ஒரு வாரப் போட்டியில் வெல்வதை விட, ஆண்டு முழுவதும் புள்ளிகளைச் சிந்தாமல் சேர்ப்பது கடினம். பிரியோவின் பெருமை அதில்தான் இருக்கிறது.

ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவில் பிறந்த அவர், 1995-இல் பிரிட்டிஷ் மலையேற்றக் கார்ப் பந்தயப் (மேட்டுச் சாலையில் நேரத்துக்கு எதிராக ஓட்டும் போட்டி) பட்டத்தை வென்ற பிறகே சுற்றுப்பாதைப் பந்தயத்துக்கு வந்தார். கையில் பணமில்லாத அந்த நாட்களில் வீட்டை விற்று, மனைவியுடன் இங்கிலாந்தின் பந்தயத் தடமான சில்வர்ஸ்டோனில் ஒரு கேரவனில் வாழ்ந்தார். 1999-இல், எல்லோரும் ஒரே வகை ரெனோ விளையாட்டுக் காரை ஓட்டும் ரெனோ ஸ்பைடர் தொடரின் 13 பந்தயங்களையும் வென்றார்.

பி.எம்.டபிள்யூ காரில் 2004-இல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் பெற்றார். போட்டியாளர் டிர்க் முல்லருடன் புள்ளிகள் சமமாக இருந்தும், கூடுதல் வெற்றிகளே அவருக்குக் கைகொடுத்தன. அடுத்து 2005, 2006, 2007 என மூன்று உலகப் பட்டங்கள் தொடர்ந்தன. மூன்றும் அந்தந்த ஆண்டின் கடைசிப் போட்டி நடந்த, சீனாவின் மக்காவ் நகரத் தெருக்களில் முடிவானவை. 2006-இல் இன்னொரு போட்டியாளரான யோர்க் முல்லரை முந்தியது ஒரே ஒரு புள்ளியில்!

ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு பந்தயங்கள் நடக்கும்; முதல் பந்தயத்தில் முதல் எட்டு இடங்களைப் பிடித்தவர்கள் இரண்டாவதில் தலைகீழ் வரிசையில் புறப்பட வேண்டும் என்பது அன்றைய விதி. 2007-இல் மக்காவின் முதல் பந்தயத்தில், முன்னணியில் ஓடிய பட்டப் போட்டியாளர் இவான் முல்லரின் கார் பழுதாகி நிற்க, எட்டாவதாக வந்த பிரியோ இரண்டாவது பந்தயத்தை முதலிடத்திலிருந்து தொடங்கி வென்றார். இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து. சுவர்களுக்கு இடையே காரைச் சேதமின்றிக் கொண்டுவந்தவருக்குத்தான் அந்த வாய்ப்பே கிடைத்தது.