என்விவோ சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா?

பண்புசார் ஆய்வு (எண்களை வைத்து அல்ல, பேட்டி போன்றவற்றில் மக்கள் சொன்னதை வைத்துச் செய்வது) பற்றியும், அதற்கு உதவும் என்விவோ போன்ற மென்பொருள்கள் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். "எங்கே கற்றுக்கொள்வது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

கேள்வி: சேப்பாக்கத்தில் பிஎச்.டி. செய்கிறேன். 22 நேர்காணல்கள் முடித்துவிட்டேன். என் கைடுக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்தான் தெரியும். இரண்டு நாள் என்விவோ பயிலரங்கு ஒன்றுக்குப் பணம் கட்டலாமா?

பதில்: கட்டலாம், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் மூன்று நேர்காணல்களை அச்செடுத்து, கலர் பேனாவை வைத்துக்கொண்டு படியுங்கள். தோன்றுவதை ஓரத்தில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் போனால், எந்த மெனுவில் எது இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வருவீர்கள். நானும் அப்படி ஒன்றுக்குப் போனவன்தான். சான்றிதழ், மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. பயிற்சிக்குக் கொடுத்ததோ யாரோ எடுத்த ஆங்கிலப் பேட்டி. வீட்டுக்கு வந்து என் தமிழ்ப் பேட்டிகளைத் திறந்தால் எங்கே ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை.

எஸ்பிஎஸ்எஸ் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். அங்கே டேட்டாவைக் கொடுத்து பட்டனைத் தட்டினால் டேபிள் வந்து விழும். இங்கே எதுவும் விழாது. எந்த வரிக்கு என்ன கோட் (அந்த வரி எதைப் பற்றியது என்று சொல்லும் சிறு பெயர்) என்று முடிவு செய்வது நீங்கள். அந்தக் கோட் போட்ட வரிகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தருவது மென்பொருள். கைடுக்கு என்விவோ தெரியாதது பெரிய குறையே இல்லை. தீமாடிக் அனாலிசிஸ் (பேட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் கண்டெடுக்கும் முறை) தெரிந்த ஒருவர் உங்கள் கோடிங்கைப் படித்துப் பார்ப்பதுதான் முக்கியம். பிரானும் கிளார்க்கும் 2006-ல் எழுதிய கட்டுரை அதன் ஆறு கட்டங்களை எளிமையாகச் சொல்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். என் சொந்த டேட்டாவைக் கொண்டுவரலாமா? ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இரண்டாவதற்கு மென்று விழுங்கினால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பட்டன் சந்தேகங்களுக்கு மென்பொருள் நிறுவனங்களின் இலவச வீடியோக்களே போதும். எதை வாங்குவது என்று நடுநிலையாகத் தெரிந்துகொள்ள, பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதுகிறார்கள்.

கேள்வி: என்விவோ லைசென்ஸ் வாங்க வசதியில்லை. ஹாஸ்டல் நண்பர் கிராக் வெர்ஷன் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டாம். எந்த மென்பொருள், எந்த வெர்ஷன் என்று தீசிஸில் எழுதியாக வேண்டும். வைவாவில் லைசென்ஸ் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் துறையிலோ நூலகத்திலோ ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வாங்கிப் போட்டு யாரும் தொடாமல் கிடப்பதும் உண்டு.

இல்லையென்றால் டாகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம், திறந்த மூலம். டாகெட்டை ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். ஆனால் எழுத்துக்கு மட்டும்தான். ஆடியோ, வீடியோ, படம் வேண்டுமென்றால் குவால்கோடர். நிறுவுவது கொஞ்சம் பாடு. என்விவோ மாதிரியே கட்டண மென்பொருளான மேக்ஸ்கியூடிஏ 14 நாள் இலவசம்தான், ஆனால் அந்த நம்பிக்கையில் தீசிஸை அதில் தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் டிரான்ஸ்கிரிப்ட்டுகளை (பேட்டிகளை எழுத்தாக்கிய ஃபைல்களை) மென்பொருளில் ஏற்றினால் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ ஆங்கில எழுத்துகள் வருகின்றன. பேசாமல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிடட்டுமா? (அம்பத்தூரிலிருந்து ஒரு சமூகப்பணி மாணவி)

பதில்: தட்டச்சு செய்தவர் பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டில் அடித்திருப்பார். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

மொழிபெயர்ப்புதான் எனக்குக் கவலை. ஒரு மாணவி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டைப் பார்த்தேன். பேட்டி கொடுத்த பெண் "அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம்" என்று சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அது வீட்டை விட்டு வெகுதொலைவில் இருந்ததாக மாறியிருந்தது. மாணவி அதற்கு 'இடப்பெயர்வு' என்று கோட் கொடுத்திருந்தார். மாதவிலக்கு பற்றிய ஆய்வில், பாவம், மாதவிலக்கே காணாமல் போய்விட்டது. அதனால் தமிழிலேயே கோட் செய்யுங்கள். கோட்டின் பெயர் வேண்டுமானால் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தீசிஸில் மேற்கோளாக வரப்போகும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்து, மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், மென்பொருள் தரும் சொல் எண்ணிக்கையையும், அதை வைத்து அதிகம் வந்த சொல்லைப் பெரிதாகக் காட்டும் அந்த மேகப் படத்தையும் தமிழில் நம்பாதீர்கள். வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீட்டிலிருந்து எல்லாம் அதற்குத் தனித்தனிச் சொற்கள். தேடும்போது 'வீட்ட', 'வீட்டி', 'வீட்டு' என்று துண்டுகளாகத் தேடினால் ஓரளவு சிக்கும். வடசென்னைப் பேச்சை அப்படியே எழுதியிருந்தால் 'வந்துகினு', 'இட்டுனு' எல்லாம் சேரும். அவற்றைத் திருத்தி எழுத்துத்தமிழாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கட்டுரைக்கு ரிவ்யூவர் கப்பா மதிப்பு (இருவரின் கோடிங் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்) கேட்கிறார். (தாம்பரம்)

பதில்: இருவர் தனித்தனியாக ஒரே கோட் பட்டியலை வைத்துச் செய்திருந்தால் கொடுங்கள், என்விவோவே கணக்கிட்டுத் தரும். நீங்கள் செய்தது பிரான், கிளார்க் சொல்லும் ரிஃப்ளெக்ஸிவ் வகை (ஆய்வாளரின் பார்வையையும் பகுப்பாய்வின் பகுதியாகக் கொள்வது) என்றால் அந்த எண் அதற்குப் பொருந்தாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை மேற்கோள் காட்டிப் பதில் அனுப்புங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் எங்களுடையது. நான்கு பேர், இருவரிடம் மேக், இருவரிடம் விண்டோஸ். என்விவோ வாங்கலாமா?

பதில்: விண்டோஸ் என்விவோ ஃபைல் மேக்கில் நேராகத் திறக்காது, மாற்ற வேண்டியிருக்கும். நான்கு பேர் தினமும் கைமாற்றினால் சண்டைதான் வரும். எல்லோரும் ஒரே வகைக் கணினியில் வேலை செய்ய வழி பாருங்கள், அல்லது டாகெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் பேட்டிகளை வெளி சர்வரில் ஏற்றும் முன் ஒப்புதல் படிவத்தில் அதற்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அட்லஸ்.டிஐ என்ற இன்னொரு மென்பொருள், மேக்ஸ்கியூடிஏ இரண்டிலும் 2023-ல் வந்த ஏஐ வசதிகளுக்கும் இதே எச்சரிக்கை.

கேள்வி: சென்னையில் இதற்கென்று கூடிப் பேசும் குழு ஏதாவது உண்டா?

பதில்: தேடுவதைவிட ஆரம்பிப்பது சுலபம். மூன்று பேர் போதும், வெவ்வேறு துறையாக இருந்தால் நல்லது. அடையாறு எம்ஐடிஎஸ் ஆய்வு நிறுவனம், எழும்பூர் சமூகப்பணிக் கல்லூரி, ஐஐடியின் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறை போன்ற இடங்களில் கருத்தரங்கு நடக்கும்போது டீ இடைவேளையில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவரும் ஏதோ ஒரு டிரான்ஸ்கிரிப்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மாதம் ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் சந்தியுங்கள். பெயர், ஊர் எல்லாம் நீக்கிய இரண்டு பக்கம் பேட்டியை ஒருவர் கொண்டுவரட்டும், மூவரும் தனித்தனியாகக் கோட் செய்து ஒப்பிடுங்கள். முதல் சந்திப்புக்கு லேப்டாப் வேண்டாம். பென்சில் எடுத்துப் போங்கள்.