வீட்டில் படிக்கும் பிள்ளையின் பிறந்த நாள்: அன்று பாடம் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கிறோம். ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி, இப்போது வீட்டில் நானே படிப்பிக்கிறேன். வரும் ஐப்பசியில் அவளுக்கு ஒன்பது வயது நிறைகிறது. சென்ற ஆண்டு பிறந்த நாளன்று வழமைபோல் கணிதமும் தமிழும் படித்தாள். மாலையில் கேக் வெட்டினோம். இரவு படுக்கும்போது, "அம்மா, இனி நான் ஆருக்கு டொபி குடுக்கிறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இம்முறை அன்றைக்குப் பாடமே வேண்டாம் என்கிறார் என் அம்மா. ஒரு நாள் விட்டால் ஒழுங்கு குலையும் என்கிறார் கணவர். அந்த நாளை எப்படி அமைப்பது, யாரை அழைப்பது என்று சொல்வீர்களா?

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விகளைவிட உங்கள் மகள் கேட்ட கேள்வியே பெரியது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்துவிடுவோம். அம்மா சொல்வதே சரி. அன்று பாடம் வேண்டாம். ஆனால் பிறந்த நாளில் படித்தால் ஆகாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

பாடசாலைக்குப் போகும் பிள்ளை பகல் ஒன்றரை மணிக்கு ஆசிரியரை அங்கேயே விட்டுவிட்டுத் தாயிடம் வந்து சேர்கிறது. நடுவில் ஒரு வீதி இருக்கிறது, ஒரு பேருந்துப் பயணம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த வீதி இல்லை. காலையில் வகுத்தல் கணக்கில் பிழை பிடித்தவரும் மதியம் சோறு பிசைந்து கொடுப்பவரும் ஒருவரே. வீட்டுக் கல்வியில் பிள்ளைக்கு இருக்கும் சுமைகளுள் இதுவே மிகப் பெரியது என்று பல குடும்பங்களைப் பார்த்தபின் உறுதியாகச் சொல்வேன். ஆகவே ஆண்டில் ஒரு நாளாவது, அவள் பிறந்த நாளிலாவது, ஆசிரியை விடுப்பில் போகட்டும். தாய் மட்டும் வீட்டில் இருக்கட்டும். கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவைத்த விடுமுறையால் ஒழுங்கு கெடுவதில்லை, காலையில் எழுந்தபின் "இண்டைக்குப் பாக்கலாம்" என்று முடிவு செய்யும் விடுமுறைகளாலேயே கெடுகிறது.

பாடம் இல்லை என்று சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். என் மூத்த மகனின் எட்டாவது பிறந்த நாளன்று நான் அதில் தவறினேன். 1877 இல் திறக்கப்பட்ட எங்கள் தேசிய அருங்காட்சியகத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். அங்கே காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தை ஒட்டிய அந்தக் கல்லில் 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவந்துறையில் கோயில் கொண்ட நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் அளித்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளை அது வரிசையாகச் சொல்கிறது. பரிசுப் பட்டியலையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், பிறந்த நாளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு எது என்று எண்ணி, தேய்ந்த தமிழ் எழுத்துகளைக் காட்டி, "இதில் உனக்குத் தெரிந்த எழுத்து எது, சொல் பார்ப்போம்" என்றேன். அவன் கல்லைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இண்டைக்கும் பாடமோ?" என்று கேட்டான். அன்று அவன் விரும்பியது விகாரமகாதேவி பூங்காவின் ஊஞ்சலை மட்டுமே. இரண்டு வாரம் கழித்து, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, அதே கல்லின் முன் முக்கால் மணி நேரம் நின்றான்.

எனவே பிறந்த நாளையொட்டிய கல்வியை எல்லாம் முந்திய வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே அதற்கு நிறைய இடம் இருக்கிறது.

நட்சத்திரத்திலிருந்து தொடங்கலாம். நம் பிள்ளைகளுக்கு இரண்டு பிறந்த நாள்கள் உண்டு: ஒன்று ஆங்கிலத் திகதி, மற்றது பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாள். இரண்டும் ஏன் ஒரே நாளில் வருவதில்லை என்ற கேள்விக்கு ஒன்பது வயதுப் பிள்ளை தானே விடை காண முடியும். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு முறை சுற்றிவர 27 நாள்களும் ஏறத்தாழ எட்டு மணி நேரமும் ஆகின்றன. ஓர் ஆண்டில் 13 சுற்றுகள் முடிய ஏறக்குறைய 355 நாள்கள் சென்றிருக்கும். மிச்சம் பத்து நாள். அதனால் நட்சத்திரப் பிறந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் பத்து நாள் முந்துகிறது, அல்லது மாதத்துக்கு வெளியே போய்விடாதபடி பதினேழு நாள் பிந்துகிறது. சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் இந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் அருகருகே விரித்துக் கொடுத்து, அவளையே எண்ணச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு ஏறத்தாழ 30 நாள்கள் இருப்பதால், மாதத்தின் முதல் இரண்டு நாள்களுக்குள் வந்த நட்சத்திரம் கடைசியில் மீண்டும் வரலாம். அப்படி வந்தால் பிந்தியதை எடுப்பதே பொது வழக்கம். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் வேறுபடும் என்பதால், உங்கள் வீட்டில் வழிவழியாக எதைப் பார்க்கிறீர்களோ அதையே கையில் எடுங்கள். 27 ஐ 12 இராசிகளுக்குப் பங்கிட்டால் ஓர் இராசிக்கு இரண்டேகால் நட்சத்திரம் வரும். அந்தக் கால் என்பதே நட்சத்திரத்தின் ஒரு பாதம்; ஓர் இராசிக்கு ஒன்பது பாதங்கள். ஒன்பது வயதுக்காரிக்கு இந்த ஒன்பது நிச்சயம் பிடிக்கும். நட்சத்திரப் பிறந்த நாளில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கோ நீங்கள் வழமையாகப் போகும் கோயிலுக்கோ சென்று அர்ச்சனை செய்யும்போது, பெயரையும் நட்சத்திரத்தையும் இராசியையும் ஐயரிடம் அவளே சொல்லட்டும். தானே எண்ணிக் கண்டுபிடித்த நட்சத்திரத்தைச் சொல்லும் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும்.

அடுத்தது கேக். வாங்குவதை விட வீட்டில் செய்யுங்கள். அதுவும் ரிப்பன் கேக்காக இருந்தால் நல்லது. பட்டர், சீனி, மா ஒவ்வொன்றும் 250 கிராம், ஓடு நீக்கினால் ஏறத்தாழ 250 கிராம் வரும் ஐந்து முட்டைகள், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது வனிலா. அடித்த கலவை ஒரு கிலோவை ஒட்டி வரும். அதை இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஆயிரத்தை மூன்றால் வகுத்தால் 333, மிச்சம் ஒன்று. அந்த மிச்சம் ஒரு கிராம் எங்கே போகும் என்று தராசின் முன் நின்று அவள் யோசிக்கும்போது குறுக்கிடாதீர்கள். தசமத்தின் வாசல் அது. கொழும்பின் வெக்கையில் பட்டர் ஐசிங் விரைவில் இளகிவிடும் என்பதால், கேக்கை முதல் நாளே சுட்டு ஆறவிட்டு, ஐசிங்கை விருந்துக்குச் சற்று முன் பூசுங்கள்.

இந்த வேலைகளை எல்லாம் உங்கள் கற்பித்தல் பதிவேட்டில் திகதியோடு எழுதிவைக்க மறக்க வேண்டாம். இலங்கையில் 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் ஆக்கப்பட்டிருப்பதால், பிள்ளை என்ன படிக்கிறாள் என்பதை எவரும் எப்போது கேட்டாலும் காட்டக்கூடிய பதிவேடு உங்களிடம் இருப்பது அவசியம். பிறந்த நாளுக்குரிய கட்டத்தில் "விடுமுறை" என்று மட்டும் எழுதுங்கள்.

இனி அன்றைய பொழுது. காலையில் தலை முழுக்காட்டி, புதுச் சட்டை போட்டு, அவள் கேட்டதைச் சமைத்துக் கொடுங்கள். எங்கே போவது என்பதை அவளே தெரிவுசெய்யட்டும்; கடலோரமாகக் கோட்டைக்கு ஓடும் ரயிலில் ஏறி அடுத்த ரயிலில் திரும்பி வருவது மட்டுமே அவள் ஆசையானால் அதுவே போதும். ஐப்பசியில் பிற்பகல் வேளைகளில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம் என்பதால் வெளியே போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை வானம் தெளிந்திருந்தால் காலிமுகத்திடலும் இறால் வடையும் இருக்கவே இருக்கின்றன.

விருந்தை அதே நாளில் வைக்க வேண்டியதில்லை. வார நாளில் மற்றப் பிள்ளைகள் பாடசாலை முடிந்து நேரே ரியூசனுக்குப் போவார்கள். நான்காந் தரத்துப் பிள்ளைகளுக்கே அடுத்த ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புகள் தொடங்கியிருக்கும். ஞாயிறு காலையில் பலருக்கு அறநெறி வகுப்பு. ஞாயிறு பிற்பகல் நான்கு மணி பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். போயா விடுமுறையும் நல்லது, ஆனால் அன்று இறைச்சி விற்பனை இல்லை என்பதால் ரோல்ஸுக்கும் பற்றீஸுக்கும் வேண்டியதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

தொடர்மாடி வீட்டு மண்டபத்துக்கு எட்டுப் பிள்ளைகள் போதும். பழைய வகுப்புத் தோழிகளில் அவள் இன்னும் பெயர் சொல்லிக் கதைக்கும் இருவரையோ மூவரையோ அழையுங்கள். வகுப்பையே அழைத்தால், தான் இல்லாமல் அங்கே நடந்தவற்றை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டிவரும். மற்றவர்கள் ஒரே வயதினராக இருக்க வேண்டும் என்பதில்லை. மச்சாள்மார், பக்கத்து வீட்டுத் தம்பி, நடன வகுப்பு அக்கா என்று கலந்திருந்தால் சங்கீதக் கதிரை விளையாட்டு இன்னும் கலகலப்பாக இருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பல வயதினரோடும் பழகிப் பழகி, அப்படிப்பட்ட கூட்டத்தில் இயல்பாகவே இருப்பார்கள்.

பெரியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "எந்தப் பள்ளிக்கூடம், சோதனையில் எத்தனையாம் பிள்ளை?" என்ற கேள்வியை யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அவளுக்குப் பதிலாக நீங்கள் விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். அது அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போலாகும். "நான் வீட்டில அம்மாவோட படிக்கிறன், இப்ப நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்கிறன்" என்ற ஒரு வசனத்தை அவளோடு சேர்ந்து முன்னரே யோசித்து வையுங்கள். படிப்பு நடக்கிறது என்பதை நிரூபிப்பதற்காக, விருந்தினர் முன் தேவாரம் பாடச் சொல்வதும் வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்வதும் கூடவே கூடாது. அவளாக விரும்பிப் பாடினால் அது வேறு.

இப்போது அவளுடைய கேள்விக்கு வருகிறேன். பாடசாலையில் பிறந்த நாள் பிள்ளை டொபிப் பேணியைத் தூக்கிக்கொண்டு, துணைக்கு ஒரு தோழியைத் தெரிந்தெடுத்து, மேசை மேசையாகப் போவாள். அந்தக் கால் மணி நேரம், அவளைத் தெரிந்த அத்தனை பேருக்கும் இன்று அவளுடைய நாள் என்று தெரிந்திருக்கும். நான்கு சுவருக்குள் எத்தனை பெரிய கேக் வெட்டினாலும் அது கிடைக்காது. உங்கள் மகள் கேட்டது, தன்னைத் தெரிந்தவர்கள் இப்போது யார் என்பதையே.

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சென்ற ஒன்றரை ஆண்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை எல்லாம் அவளையே எழுதச் சொல்லுங்கள். தொடர்மாடிக் காவலாளி மாமா, கீழ்த்தளத்துக் கடை அன்ரி, வழமையாக வரும் முச்சக்கர வண்டி அண்ணா, கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகிறவள் என்றால் அங்கே புத்தகம் எடுத்துக் கொடுப்பவர், நடன ஆசிரியை, மேல் மாடியில் தனியாக இருக்கும் அம்மம்மா. நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பட்டியல் நீளும். அதில் நீங்கள் அறியாத ஒரு பெயராவது இருக்கும். பிறந்த நாளன்று காலையில் புதுச் சட்டை போட்டதும் டொபிப் பேணியை அவளிடம் கொடுத்து, துணைக்கு யார் வர வேண்டும் என்று கேளுங்கள். உங்களைத் தெரிந்தெடுத்தால் இரண்டடி பின்னால் நில்லுங்கள். "எனக்கு இண்டைக்குப் பிறந்த நாள்" என்று சொல்வது அவள் வேலை. அதை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

பட்டியலில் உள்ள தொகையைவிடப் பத்து டொபியாவது கூடுதலாக வாங்குங்கள். லிப்டில் ஏறும் ஒருவர் அவளுடைய புதுச் சட்டையைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்பார், வீதிக்கு வந்ததும் எழுத மறந்த ஒருவரின் நினைவு அவளுக்கே வரும், அப்போது பேணி வெறுமையாக இருக்கக் கூடாது.