நாடகத்தில் எடுபட்ட வசனம் குறும்படத்தில் ஏன் விழுகிறது?

மேடையில் கைதட்டல் வாங்கிய வசனங்கள் குறும்படத்தில் சப்பென்று இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இடைவெளிதான் காரணம். சிரிப்பலை அடங்கட்டும் என்று மேடை நடிகர் இரண்டு மூன்று விநாடி நிற்பார். திரையில் அது வெறும் மௌனம். எடிட்டிங்கில் அதை வெட்டி, கேட்பவர் முகத்துக்குத் தாவுங்கள். இருவரையும் ஒரே ஷாட்டில் மட்டும் எடுத்திருந்தால் வெட்டும் இடத்தில் படம் துள்ளும். அதனால் கேட்பவரின் க்ளோசப்பைக் காட்சி முழுவதற்கும் தனியாக எடுத்து வையுங்கள். குரலையும் இறக்கச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்குக் கத்திப் பழகியவர்கள்!

நாடகம்போலக் கதை முழுவதும் ஒரே வீட்டில் நடப்பதும் குறையல்ல. பாலசந்தர் தம் நாடகத்தையே 1968இல் 'எதிர்நீச்சல்' என்று படமாக்கினார். பல குடித்தனங்கள் உள்ள வீடு, மாடிப்படிக்கு அடியில் மாது என்ற இளைஞனாக நாகேஷ். அங்கேதான் கதை சுற்றுகிறது. வலிந்து கடற்கரைக் காட்சி சேர்த்தால்தான் தொய்யும்.