டர்போ, இன்ஜெக்டர் மாற்றிய டீசல் காருக்கு ரெடிமேட் ரீமேப் போதுமா?

கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பெரிய டர்போவும் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது) இன்ஜெக்டரும் (டீசலைத் தெளிப்பது) போட்டாயிற்று, ரீமேப் செய்ய, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்ற, விலை குறைவான ரெடிமேட் ஃபைலையே ஏற்றிவிடலாமா என்று. தயவுசெய்து வேண்டாம்.

ரெடிமேட் ஃபைல், கம்பெனி பாகங்கள் மாறாத காருக்காக எழுதப்பட்டது. அப்படிப்பட்ட காருக்கு நல்ல ட்யூனர் தரும் ஃபைல் தாராளமாகப் போதும். ஆனால் ஈசியூ, அதாவது அந்த எஞ்சின் கம்ப்யூட்டர், டீசலை அளந்து ஊற்றுவதில்லை. ரயில் பிரஷரை (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயில் உள்ள அழுத்தம்) பார்த்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். உங்கள் இன்ஜெக்டரில் துளை பெரிது. அதே நேரம் திறந்தாலே கூடுதல் டீசல் இறங்கும். அதற்கேற்ற காற்று இல்லையென்றால் கரும்புகை, ஏறும் எக்ஸாஸ்ட் வெப்பம், கடைசியில் டர்போவும் பிஸ்டனும் அடிவாங்கும்.

எனக்கு இது நடந்தது. மே மாத மதியம், ஏசி போட்டு, நாலு பேருடன் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தேன். பின்கண்ணாடி முழுக்கக் கறுப்பு.

உங்களுக்குத் தேவை கஸ்டம் ரீமேப். கஸ்டம் என்றால் உங்கள் காரிலேயே பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), ரயில் பிரஷர், எக்ஸாஸ்ட் வெப்பம் எல்லாம் லாக் எடுத்து, அதாவது ஓடும்போதே பதிவு செய்து, இரண்டு மூன்று சுற்று திருத்துவார்கள். லாக்கை டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டிப் பார்க்கும் மெஷின்) எடுங்கள், தனுஷ்கோடி ரோடு நேராக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள், மணலும் ஜனமும் இருக்கும்.

அதற்கு முன் பூஸ்ட் சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்திருந்தால் லாக் எல்லாமே தப்பாக வரும்.