கட்டு அவிழும் நாள்

கேள்வி: "அந்தக் காலத்து வைத்தியர்கள் காசைப் பெரிதாக நினைக்கவில்லை, இந்தத் தொழில் கெட்டது நம் காலத்தில்தான். ஒப்புக்கொள்கிறீர்களா?" (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிறு வயதில் தங்கசாலை மணிக்கூண்டு அருகே நான் கண்டதைச் சொல்கிறேன். தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர், சொத்தைப் பல்லோடு வந்த கொத்தவால்சாவடி மூட்டைத் தொழிலாளியைக் கண்டங்கத்திரி விதைப் புகையில் வாய் திறந்து உட்கார வைத்து, கிண்ணத்துத் தண்ணீரில் மிதந்த வெள்ளைத் துணுக்குகளைப் 'பல் புழு' என்று கூட்டத்துக்குக் காட்டிக் காசு வாங்கினார். இதே வித்தையை 1597-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மூலிகை நூலில் ஜான் ஜெரார்டு போட்டு உடைத்திருக்கிறார். அங்கே விதை வேறு. தண்ணீரில் இசைக்கருவியின் நரம்புத் துண்டுகளை நைசாகப் போட்டுவிட்டு, வாயிலிருந்து விழுந்த பூச்சிகள் என்றார்களாம்.

தெருவோர ஆள்தானே என்று தள்ளிவிடாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டின் ஜான் டெய்லர் லண்டன் மருத்துவமனையில் முறையாகப் பயின்றவர். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் கண் மருத்துவர் என்ற பட்டமும் பெற்றவர். கண்களை வரைந்த கோச்சு வண்டியில் ஊர் ஊராகப் போவார். கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்வார். புரை விழுந்த கண்ணில் ஊசியைச் செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வையின் பாதையிலிருந்து கீழே தள்ளுவதுதான் அன்றைய சிகிச்சை. வில்லை விலகியதும் வெளிச்சம் தெரியும். நோயாளி கையெடுத்துக் கும்பிடுவார். டெய்லர் உடனே கண்ணைக் கட்டி, பல நாட்களுக்கு அவிழ்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார். கட்டு அவிழ்ந்து, கண் போனது தெரியவரும்போது வண்டி அடுத்த ஊரில் நிற்கும். 1750-இல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக்கின் கண்ணில் இவர் இருமுறை அறுவை செய்தார். பார்வையை இழந்த பாக் அந்த ஜூலையிலேயே இறந்தார்.

1799-இல் தொண்டை வீக்கத்தால் படுத்த ஜார்ஜ் வாஷிங்டனின் உடலிலிருந்து ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் வடித்த மருத்துவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ரத்தத்தை வடித்தால் நோய் இறங்கும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிரெய்க் கடைசி மூச்சு வரை உடனிருந்தார். டெய்லர் எதை நம்பினார் என்பதற்கு அந்தக் கோச்சு வண்டியே சாட்சி.

அந்தக் காலம் என்று நீங்கள் சொல்வது எந்த ஆண்டு என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்த ஆண்டில் வண்டி கட்டிக் கிளம்பியவர் யார் என்று தேடித் தருகிறேன்.