ஒன்பதாம் மாத ஊசியைத் தள்ளிப்போடலாமா? பெரியவர்களுக்கும் தடுப்பூசி தேவையா?

பதினோரு மாதக் குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் ஒன்பதாம் மாத ஊசியைப் போடாமல் விட்டுவிட்டதாகவும், இதனால் கெடுதல் உண்டா, பெரியவர்களுக்கும் தடுப்பூசி அவசியமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலும், பின்னர் குலசேகரம் பக்கத்து மலையோர ஊர்களிலும் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வாரமே குழந்தையைக் கொண்டுபோய் ஊசி போட்டுவிடுங்கள். சாதாரண சளியும் இருமலும் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதற்குக் காரணங்கள் அல்ல.

தடுப்பூசி அட்டையில் குறித்திருக்கும் நாட்கள் ஏதோ வசதிக்காகப் போட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்பதாம் மாத ஊசி தடுக்கும் தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் சில மாதங்கள் தங்கியிருக்கும். அது மிகுந்திருக்கும்போது ஊசி போட்டால், தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த கிருமியை அதுவே அடக்கிவிடும், குழந்தையின் உடல் சொந்தமாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளாது. அது குறைந்த பிறகும் ஊசி போடாமல் இருந்தால், தாய் கொடுத்த காவலும் இல்லாமல் தன் காவலும் இல்லாமல் குழந்தை வெறுமனே நிற்கும். இவ்விரண்டையும் கணக்கிட்டுத்தான் நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது என்று வைத்திருக்கிறார்கள். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கக்கூடியது என்பதால், குழந்தையை வெளியே கொண்டுபோவதில்லை என்ற தைரியம் உதவாது.

சில மருந்துகளுக்குத் தாமதித்தால் பிறகு போடவே முடியாது. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை ஒரு வயதுக்குள் தொடங்காவிட்டால் அரசுத் திட்டத்தில் பிறகு கொடுப்பதில்லை. மஞ்சள் காமாலை பி வகைக்கான முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்வதன் காரணம் இன்னும் முக்கியமானது: பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து அந்தக் கிருமி தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் முழுவதும் உடலில் தங்கி, பின்னாளில் கல்லீரலைக் கெடுக்கக்கூடும்.

கடற்கரையில் நான் வேலை பார்த்த காலத்தில் ஓர் இளம் தாய், "அவங்க கடலுக்குப் போயிருக்காங்க சிஸ்டர், வந்த பிறகு போடலாம்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப ஒரு மாதத்துக்கும் மேலாகும். ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வந்தால் தனியாக என்ன செய்வது என்ற பயம்தான் அவளுக்கு. அக்கறையில்லாத தாய் அல்ல அவள். கணவர் வருவதற்குள் குழந்தைக்குத் தட்டம்மை கண்டு, அது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. குழந்தை பிழைத்தது. ஆனால் பல நாட்கள் மருத்துவமனையில் கிடந்த அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவளுடைய பயத்தை நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு, கணவர் கடலில் இருக்கும் பெண்களிடம் ஊசி போட்ட அன்று மாலை நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். தயங்கியவர்கள் பெரும்பாலும் வந்தார்கள்.

பெரியவர்களைப் பற்றி நம்மில் யாரும் யோசிப்பதே இல்லை. நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1879-லேயே மாணவர்களோடு அரசு ஊழியர்களும் பெரியம்மைத் தடுப்பூசி குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். ஊசி பிள்ளைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் பிறகு எப்படியோ வந்துவிட்டது. இரண ஜன்னியும் (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) வராமல் காக்கும் டி.டி. ஊசியின் பலம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால், பத்தாண்டுக்கு ஒரு முறை அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தாலும் தூண்டில் முள் விரலில் ஏறினாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். இரண ஜன்னிக் கிருமி மண்ணில் இருப்பது. ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. ஆகவே ஊரில் எத்தனை பேர் ஊசி போட்டிருந்தாலும், போடாதவருக்கு அதனால் காவல் கிடையாது. தொண்டை அடைப்பான் பழைய கதை என்றும் எண்ண வேண்டாம்: 2016-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அது மீண்டும் பரவி, தடுப்பூசி முழுமையாகப் போடாத பள்ளிப் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது.

சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் ஆண்டுதோறும் போட வேண்டிய ஃப்ளூ ஊசியைப் பற்றியும், நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்; இவற்றுக்குப் பெரும்பாலும் கைப்பணம் செலவாகும். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி போடாத பெண்கள், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் அதைப் போடக் கூடாது.

உங்கள் குழந்தைக்கு விட்டுப்போன தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு, ஒன்பதாம் மாதத்துக்குரிய நிமோனியா, போலியோ ஊசிகளையும் ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம்; வைட்டமின் ஏ திரவமும் கொடுப்பார்கள். இடையில் ஒன்று தவறியதற்காக ஆரம்பத்திலிருந்து மறுபடி போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதன்கிழமை காலையில் துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள். செவிலியரின் பதிவேட்டில் உங்கள் மகளின் பெயர் இருக்கும்.