‘அக்கா, இதுல லேட்டஸ்ட் எது?’

கேள்வி: ஏ.சி. விற்பனையும் சர்வீஸும் செய்யும் கடையில் 9 வருடமாக அட்மின் வேலை பார்க்கிறேன். மொத்தம் 11 பேர். குவோட்டேஷன், ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் வேர்டில் ஃபார்மட் செய்து பொது ஃபோல்டரில் போட்டுவைத்தேன். இன்றைக்கு அங்கே ‘குவோட் ஃபைனல்’, ‘குவோட் ஃபைனல் நியூ’, ‘குவோட் ஃபைனல் நியூ 2’ என்று ஏழு கிடக்கின்றன. போன வாரம் சேல்ஸ் தம்பி ஒருவர் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்ட குவோட்டேஷனை அனுப்பிவிட்டார். மேலே வேறொரு கஸ்டமர் பெயர்! முதலாளியிடம் திட்டு வாங்கியது நான். எல்லா ஃபார்மட்டையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பாஸ்வேர்ட் வேண்டாம். போட்டால் இரண்டே நாளில் அது ஆளாளுக்கு மானிட்டரில் சீட்டாக ஒட்டியிருக்கும்.

வேறு கஸ்டமர் பெயர் இருந்தது என்கிறீர்களே, அதைக் கவனியுங்கள். வெற்று ஃபார்மட்டில் பெயர் எங்கிருந்து வரும்? அந்தத் தம்பி உங்கள் ஏழு ஃபைலில் எதையும் தொட்டிருக்க மாட்டார். அதே மாடலுக்கு எப்போதோ கொடுத்த குவோட்டேஷனைத் திறந்து, விலையை மாற்றி, ‘சேவ் ஆஸ்’ கொடுத்திருப்பார். ஏ.சி.க்கு வரி 28-லிருந்து 18 ஆனது 2025 செப்டம்பர் 22-ல். அவர் எடுத்தது அதற்கு முந்தையது. வரி சேர்க்காத விலை 30,000 என்றால் 35,400 என்று போக வேண்டியது 38,400 என்று போயிருக்கும். மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கும் கடைக்கு யார் திரும்பி வருவார்?

அவரைத் திட்டாதீர்கள். எல்லோரும் செய்வதுதான். நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுத்த நியமனக் கடிதம் ‘அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுச் செல்லவும்’ என்று முடிந்தது. யாரோ விலகியவரின் கடிதத்தின் மேல் அடித்தது.

இதற்கு வேர்டிலேயே வழி இருக்கிறது. உங்கள் ஃபார்மட் சாதாரண டாக்குமெண்டாக இருக்கிறது, அதனால்தான் அதன் மேலேயே எழுதுகிறார்கள். ‘சேவ் ஆஸ்’ போய், ஃபைல் வகையில் ‘வேர்ட் டெம்ப்ளேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அது பில் புக் மாதிரி: டபுள் கிளிக் செய்தால் ‘டாக்குமெண்ட்1’ என்று புதுத் தாள் ஒன்று கிழிந்து வரும், புத்தகம் அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை. டெம்ப்ளேட் என்று தேர்ந்தெடுத்த உடனே வேர்ட் சொல்லாமல் கொள்ளாமல் தன் சொந்த ஃபோல்டருக்குத் தாவிவிடும். மறுபடி பொது ஃபோல்டரைக் காட்டிவிட்டு சேவ் செய்யுங்கள், இல்லாவிட்டால் ‘ஃபைல் எங்கே போச்சு’ என்று ஒரு மத்தியானம் போய்விடும். நீங்களே ஃபார்மட்டைத் திருத்த வேண்டுமென்றால் டபுள் கிளிக் உதவாது. ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன்’ கொடுங்கள்.

அப்புறம், கஸ்டமர் பெயர், தேதி, மாடல் வரும் இடங்களை ‘டெவலப்பர்’ டேபில் உள்ள கன்டென்ட் கன்ட்ரோல்களாக, அதாவது நிரப்புவதற்கான பெட்டிகளாக மாற்றுங்கள். ‘இங்கே கஸ்டமர் பெயர்’ என்று சாம்பல் நிறத்தில் நிற்கும். நிரப்ப மறந்தால் அசட்டுத்தனமாகத் தெரியும், அவ்வளவுதான். இன்னொருவர் பெயர் போகாது. அடிக்குறிப்பில் ஃபார்மட் திருத்திய தேதியைச் சின்ன எழுத்தில் போடுங்கள். பிரிண்ட் கைக்கு வந்ததுமே எந்தக் காலத்துத் தாள் என்று தெரிந்துவிடும்.

பூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு சர்வர் பார்க்கும் ஆளிடம் சொல்லி, அந்த ஃபோல்டரை மற்ற பத்துப் பேருக்கும் படிக்க மட்டும், உங்களுக்கு எழுதவும் என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வேர்ட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, அடிமட்டத்தில் ‘ஃபைல் லொகேஷன்ஸ்’ போய் ‘வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ்’ என்ற இடத்தில் இந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டால், ‘நியூ’ கொடுக்கும்போதே உங்கள் ஃபார்மட்டுகள் வந்து நிற்கும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. கஷ்டமானது வேறு. நீங்கள் ஒருவர்தான் திருத்தலாம் என்றால், கேட்ட அன்றைக்கே திருத்தித் தர வேண்டும். சேல்ஸில் ஒருவர் காலையில் வந்து, ‘அக்கா, ஸ்டெபிலைசர் ஃப்ரீன்னு ஒரு வரி சேர்க்கணும்’ என்கிறார். நீங்கள் ‘வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்’ என்கிறீர்கள். அவருக்குக் கஸ்டமர் மதியம் வருகிறார். மதியத்துக்குள் அவர் டெஸ்க்டாப்பில் சொந்தமாக ஒரு ஃபார்மட் பிறந்துவிடும், ஒரு மாதத்தில் பக்கத்து சீட்டுக்கும் போய்விடும். உங்கள் ஏழு ஃபைலும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நீங்கள் லீவில் இருந்தால் யார் திருத்துவது என்பதையும் முதலாளியை வைத்தே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழையவற்றை அழிக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரியும் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பவற்றை ஒவ்வொரு சீட்டாகப் போய், அவர்கள் எதிரிலேயே எடுங்கள். கடை வாட்ஸ்அப் குரூப்பை மறந்துவிடாதீர்கள். அங்கே எப்போதோ அனுப்பிய ஃபார்மட்டை இன்றைக்கும் யாரோ டவுன்லோடு செய்துகொண்டிருப்பார்கள். இனி குரூப்பில் ஃபைலை அனுப்பாதீர்கள், அது இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நடக்காது. டெம்ப்ளேட்டில் 18 என்று மாற்றியதால், அதிலிருந்து ஏற்கெனவே செய்த குவோட்டேஷன்களில் 28 மாறிவிடாது. மாறவும் கூடாது, கஸ்டமர் கையில் இருப்பதும் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமே. அதனால் இன்னும் முடிவாகாமல் நிற்கும் குவோட்டேஷன்களை எடுத்து, 28 எதிலாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் அந்தக் கஸ்டமருக்குக் கடையிலிருந்தே போன் போட்டு, விலை குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த போன் போடும் வேலையை சேல்ஸ் தம்பியிடமே கொடுங்கள்.